14 வயது ஹாக்கி டீம்: எல்லாரையும் இறக்குவதா, ஜெயிக்கப் பார்ப்பதா?

கரிசல் ஸ்டிக் | ஞாயிறு, இரவு 10.40

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் 14 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு நாலு வருடமாக ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. பகலில் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு வேலை, காலையும் சாயங்காலமும் கிரவுண்ட்.

போன வாரம் வெளியூரில் ஒரு நாக்-அவுட் போட்டி. 16 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். காலிறுதியில் ஜெயித்தோம், ஆனால் ஐந்து பேர் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. அதில் ஒருவன் ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகியும் ஷின் கார்டை (முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு) கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். ஏண்டா என்றேன். "இன்னொரு மேட்ச் இருக்குல்ல சார்" என்றான். இன்னொரு மேட்ச் மறுநாள்தான்.

அதனால் அரையிறுதியில் எல்லாரையும் இறக்குவது என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். 10 நிமிடம் வீதம் நாலு குவார்ட்டர். பாதி ஆட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்தோம். மூன்றாவது குவார்ட்டர் தொடங்கும்போது நாலு பேரை மாற்றினேன். ஏழு நிமிடத்தில் மூன்று கோல் வாங்கினோம். கடைசிக் குவார்ட்டரில் பழைய ஆட்களை மறுபடி இறக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. 3-2. மூட்டையைக் கட்டியாயிற்று.

வேனில் யாரும் பேசவில்லை. சாத்தூரில் டீக்கு நிறுத்தினோம். கூட வந்த ஒரு அப்பா, "ஜெயிச்ச மேட்சைத் தூக்கிக் குடுத்துட்டீங்களே மாஸ்டர்" என்றார். அவர் மகன்தான் சென்டர் ஹாஃப், அதாவது நடுக்களத்து ஆள், டீமில் இருப்பதிலேயே நல்ல ஆட்டக்காரன். அவர் அந்தப் பக்கம் போனதும் ஷின் கார்டுப் பையன் வந்து நின்றான். அவனை லெப்ட் பேக்கில், இடது பின்களத்தில் இறக்கியிருந்தேன். "மூணாவது கோல் என்னாலதானே சார்?"

இல்லை என்றேன். அந்த அப்பா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ரைட் அவுட் 7 | ஞாயிறு, இரவு 11.15

நாக்-அவுட்டில் பெஸ்ட் லெவன்தான் அண்ணாச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மற்றவர்களைப் பயிற்சியில் ஆடவிடுங்கள், பிராக்டிஸ் மேட்சில் ஆடவிடுங்கள். அரையிறுதி தர்மம் பண்ணுகிற இடம் இல்லை.

அந்தச் சென்டர் ஹாஃப் பையனை நினைத்துப் பாருங்கள். ஃபைனல் ஆடியிருந்தால் நாலு பேர் அவனைப் பார்த்திருப்பார்கள். விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகும்போது "ஃபைனல் ஆடினேன்" என்று சொல்வதற்கும் "செமியில் தோற்றோம்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பை இந்திய அணியில் ஆடி, ஜகார்த்தாவில் வெண்கலத்தோடு திரும்பிய பிறகு நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் ஸ்டிக் வாங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த ஆசையோடு ஆடுகிறவனுக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

டேபிள் 2 | திங்கள், காலை 6.05

பதினைந்து வருடமாக டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர்ஷீட் எழுதுகிறவன். உங்கள் தவறு எல்லாரையும் இறக்கியதில் இல்லை, இறக்கிய விதத்தில்.

நம் ஆட்டத்தில் ரோலிங் சப் உண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே வந்தவன் திரும்பப் போகலாம். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் வெளியே வந்ததும் அடுத்தவன் உள்ளே போவான். களத்து ஆட்டக்காரனை மாற்ற நேரம் நிறுத்த மாட்டார்கள். இவ்வளவு தாராளமான விதியை வைத்துக்கொண்டு நம் கோச்சுகள் பழைய கால்பந்து மாதிரி பாதி ஆட்டத்தில் மூன்று பேரை மொத்தமாக மாற்றுகிறார்கள். சர்வதேச ஆட்டங்களில் முன்களத்து ஆட்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே பெஞ்ச் என்பது தண்டனை இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 40 நிமிட ஆட்டம், கோலியைத் தவிர 10 பேர். மொத்தம் 400 நிமிடம் உங்கள் கையில். பெஞ்சில் இருக்கும் ஐந்து பேருக்கும் தலா 10 நிமிடம் கொடுத்தால் போவது 50. மிச்சம் 350. முதல் பத்துப் பேருக்குத் தலா 35 நிமிடம். அதாவது உங்கள் பெஸ்ட் லெவனில் ஒருவனுக்கு 5 நிமிடம்தான் குறைகிறது. அந்த 5 நிமிடம் வெயிலில் அவனுக்கே தேவைதான்.

மேட்ச் போவது நாலு பேரை ஒரே நேரத்தில் மாற்றும்போதுதான். ஒருவனை மாற்றினால் பக்கத்தில் இருக்கும் மூன்று பேர் அவனைப் பார்த்துக்கொள்வார்கள். நாலு பேரை மாற்றினால் யார் யாரைப் பார்ப்பது?

கரிசல் ஸ்டிக் | திங்கள், காலை 7.30

கணக்கைப் படித்துவிட்டு டீயைக் கீழே வைத்துவிட்டேன் சார். நாலு வருடமாக இந்தக் கூட்டல் கழித்தலை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. பிழைப்பே கணக்கு எழுதுவதுதான், வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கோல் விழுந்ததுமே ஃபுல் பேக்கைத் திரும்ப இறக்க ஓடினேன். அதற்குள் அவர்களுக்குப் பெனால்டி கார்னர் (தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கோல் பக்கத்தில் கொடுக்கும் வாய்ப்பு) கொடுத்துவிட்டார்கள். கார்னர் முடிகிற வரை மாற்றக் கூடாது. கோட்டுக்கு வெளியே அவனையும் என்னையும் நிற்க வைத்துவிட்டு அந்தக் கார்னரிலேயே மூன்றாவது கோல். லெப்ட் பேக் பையன் போஸ்டில் நின்றான், பந்து அவன் ஸ்டிக்கில் பட்டு உள்ளே போனது. அவன் கேட்டது அதைத்தான்.

பிடி டீச்சர் | திங்கள், காலை 8.10

கோச்சை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. போட்டியை நடத்துகிற முறையைப் பாருங்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று நாங்கள் போகிற போட்டியெல்லாம் நாக்-அவுட். காலையில் ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கூட்டிப்போய், பத்து மணிக்கு முதல் ஆட்டம். பதினொரு மணிக்குத் தோற்று, பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த ஒரு மணி நேரத்தில் பெஞ்சில் இருப்பவளை இறக்க எந்த டீச்சருக்குத் தைரியம் வரும்? நாலு டீம் ஒரு பிரிவு என்று லீக் வைத்தால் ஆளுக்கு மூன்று ஆட்டம் உறுதி. முதல் ஆட்டத்தில் தோற்றாலும் அடுத்தது இருக்கிறது என்றால் எல்லாருக்கும் மனசு விரியும்.

அடுத்து, யாரும் வெளியே பேசாத விஷயம். சான்றிதழ். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, கல்லூரியிலும் இடம் உண்டு. அணிப் பட்டியலில் பேர் இருந்தால் சான்றிதழ் வரும், அவள் ஒரு நிமிடம் ஆடினாளா என்று அதில் எழுத மாட்டார்கள். அதனால் 16, 17, 18 என்ற இடங்களுக்கு எப்படிப்பட்ட சிபாரிசு வரும் என்று என் மாதிரி வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத பிள்ளை மாவட்டப் போட்டிக்கு வந்தாள். ஸ்டிக்கின் தட்டைப் பக்கம் எது என்று பஸ்ஸில் வைத்துத்தான் காட்டினேன். அன்றைக்கு வெளியே நின்றவள் தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தவள்.

பெண்கள் டீமில் பிரச்சினை தலைகீழ் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெஞ்சே கிடையாது. பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் நாலு பேரை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். 40 நிமிடமும் அதே பதினொரு பேர், கடைசிக் குவார்ட்டரில் நடக்கவே முடியாமல் நிற்பார்கள். உங்களுக்கு ஐந்து பேர் அதிகம் என்று படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது மாஸ்டர்.

ரைட் அவுட் 7 | திங்கள், காலை 9.02

டீச்சர் சொல்வது சரி. ஆனால் லீக் வைக்க கிரவுண்ட் வேண்டும், அம்பயர் வேண்டும், ரெண்டு நாள் சாப்பாடு வேண்டும். நடத்துகிறவர் கையைக் கடிக்கும். இருப்பது நாக்-அவுட். இருப்பதை வைத்துப் பேசுவோம்.

ஸ்காபரோ அப்பா | திங்கள், மாலை 6.48

நான் கனடாவில் இருக்கிறன். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஹாக்கி ஸ்டிக்கைக் கையால் தொட்டதில்லை. மகன் ஐஸ் ஹாக்கியில் சேர்ந்ததால் சனிக்கிழமை விடியக் காலமை கோப்பிக் கப்போடு ஐஸ் மைதானத்தில் நடுங்குகிற ஆளாகிவிட்டேன். ஆட்டம் வேறை, பிரச்சினை ஒன்றுதான்.

இங்கை ரெண்டு வகை. ஹவுஸ் லீக் என்றால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சேரலாம். மகன் விளையாடின லீக்கில் 3 நிமிசத்துக்கு ஒருக்கா பஸ்ஸர் அடிக்கும். அடிச்சவுடனே உள்ளே நிற்கிற ஐந்து பேரும் வெளியே, அடுத்த ஐந்து பேர் உள்ளே. கெட்டிக்காரப் பெடியனும் சறுக்கி விழுகிற பெடியனும் ஒரே நேரம்தான் நிற்பினம். கோச்சுக்கு யோசிக்கிற வேலையே இல்லை, பெற்றோருக்குச் சண்டை பிடிக்கிற வேலையும் இல்லை. மற்றது ரெப். தெரிவு வைத்து எடுப்பினம், ஆயிரக்கணக்கில் காசு கட்ட வேணும், கடைசி நிமிசங்களில் ஆரை இறக்கிறது என்பது கோச்சின் விருப்பம். வாகனத் தரிப்பிடத்தில் சத்தம் கேட்பது அங்கைதான்.

அமெரிக்காவில் ஒருபடி மேலே போய், 2009இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தேசியச் சாம்பியன்ஷிப்பையே நிறுத்திப்போட்டார்கள். அந்த வயதில் கோப்பைக்காக ஆளைத் தெரிந்தெடுத்து ஓடுகிறதால் பிள்ளைகள் பழகிற நேரம் போகுது என்று காரணம் சொன்னவை.

ஹாஃப் வாலி | திங்கள், இரவு 7.20

ஐஸ் ஹாக்கியில் ஒரு ஷிஃப்டே (ஒரு தடவை உள்ளே நின்று ஆடும் நேரம்) ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாற்றுவது அந்த ஆட்டத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது. இங்கே மண் கிரவுண்டில் பஸ்ஸருக்கு எங்கே போவது? விசில் ஊதினால் அம்பயர் கார்டு காட்டுவார் :)

டேபிள் 2 | திங்கள், இரவு 7.41

பஸ்ஸர் வேண்டாம், பையில் மடித்து வைத்த ஒரு சீட்டு போதும். ஆட்டத்துக்கு முன்பே எந்த நிமிடத்தில் யாருக்குப் பதில் யார் என்று எழுதிவிடுங்கள். ஆட்டம் சூடானபிறகு எந்த மனிதனாலும் நியாயமாக யோசிக்க முடியாது. 2-0 என்று இருக்கும்போது தாராளம் வரும், 2-2 ஆனால் கஞ்சத்தனம் வரும். சீட்டுக்கு ரெண்டும் தெரியாது.

கோலி, சென்டர் பேக், சென்டர் ஹாஃப் ஆகிய மூவரையும் அசைக்காதீர்கள். அவர்கள் 40 நிமிடமும் நின்றாலும் மேலே சொன்ன 50 நிமிடம் கிடைக்கும். மற்ற எட்டுப் பேருக்கு மிஞ்சுவது 270, தலைக்கு ஏறக்குறைய 34 நிமிடம். புதியவனை முதலில் விங்கில், இல்லையென்றால் முன்களத்தில் இறக்குங்கள். அங்கே தவறினால் பந்து போகும், பின்களத்தில் தவறினால் கோல் போகும். அதுவும் முதல் குவார்ட்டரிலேயே, 0-0 என்று இருக்கும்போதே. முன்னிலை வந்தபிறகு இறக்கினால் "உன்னை இறக்க இப்போதுதான் தைரியம் வந்தது" என்று அவனிடம் சொல்லாமல் சொல்கிறோம். அது அவனுக்கும் புரியும், எதிரணிக்கும் புரியும்.

பழைய கோலி | திங்கள், இரவு 10.55

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த ஷின் கார்டு விடவில்லை.

நான் நவம்பரில் பிறந்தவன். 14 வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஜனவரி 1 கணக்கு. என்னோடு அதே டீமில் அதே வருடம் ஜனவரியில் பிறந்தவன் இருந்தான். பத்து மாதம். அந்த வயதில் பத்து மாதம் என்றால் அரை அடி உயரம், மீசை, அடித்தால் 25 கஜக் கோட்டைத் தாண்டுகிற பந்து. எங்கள் மாஸ்டர் கெட்டவர் இல்லை, அவர் கண்ணுக்கு அவன் திறமைசாலி, நான் சோனி. ரெண்டு வருடம் பெஞ்ச். (பிறந்த தேதியையே மாற்றிக்கொண்டு வந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தனி இழை போட வேண்டும்.) கனடா ஐஸ் ஹாக்கியிலும் இதே கதைதான் என்று ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள், மேல்மட்ட டீம்களில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள்தான் அதிகம் என்று. ஸ்காபரோ அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியில் கோலி ஊருக்குப் போய்விட்டதால் என் காலில் பேடைக் கட்டினார்கள். வேறு யாரும் கட்டிக்கொள்ள ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் எட்டு வருடம் கழற்றவில்லை.

இந்திய அணியின் கோலியாக இருந்த ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு ஹாக்கி ஆடப் போகவில்லை, ஓட்டப்பந்தயக்காரனாகப் போனார். அங்கேதான் கோல் போஸ்டுக்குள் நிறுத்தினார்கள். டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வாங்கியது அந்தப் பையன். 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பையில் நம் பையன்கள் 0-2 என்று பின்னால் இருந்து அர்ஜென்டினாவை 4-2 என்று ஜெயித்து வெண்கலம் எடுத்தபோது கோச்சாக நின்றதும் அவர்தான். எழும்பூரில் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், தொண்டை கட்டிவிட்டது. 13 வயதில் யார் என்ன ஆவான் என்று கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருந்தால் பெஸ்ட் லெவனை மட்டும் ஆடவிடுங்கள். எனக்கு இல்லை.

மேட்டுத்தெரு | செவ்வாய், காலை 6.30

நான் இன்னொரு அப்பா, இன்னொரு ஊர். என் மகனும் டீமில் நன்றாக ஆடுகிறவன்தான், அதனால் டீக்கடையில் பேசிய அப்பாவுக்காக ரெண்டு வார்த்தை.

அவரைச் சுயநலக்காரர் என்று எல்லாரும் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டீர்கள். நல்ல ஆட்டக்காரன் என்பதாலேயே ஒரு பையன் காலை நாலரைக்கு எழுந்து சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பது நின்றுவிடாது. என் மகன் இருக்கும் டீமில் பெஞ்சில் இருக்கும் ரெண்டு பேர் வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வருவதில்லை. மேட்ச் அன்றைக்கு ஜெர்சி போட்டுக்கொண்டு முதல் ஆளாக வேனில் ஏறுவார்கள். அவர்களுக்கும் சம நேரம் என்றால், வருகிறவனுக்கு என்ன மரியாதை? எல்லாருக்கும் நிமிடம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகைப் பதிவை வைத்துக் கொடுங்கள். அதையும் முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். டீக்கடையில் வந்து கேட்கிறோம் என்றால் அதற்கு முன் யாரும் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

பிடி டீச்சர் | செவ்வாய், காலை 7.05

இதை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். வராதவன் ஏன் வரவில்லை என்று ஒரு தடவை வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டுப் பதிவில் கழியுங்கள். என் பிள்ளைகளில் ஒருத்தி செவ்வாய், வியாழன் வர மாட்டாள். குழாயில் தண்ணீர் வருகிற நாள் அது.

ரைட் அவுட் 7 | செவ்வாய், காலை 9.40

சரி, 5 நிமிடக் கணக்கு எனக்கும் உறைத்தது. ஆனால் ஃபைனலில் கடைசிக் குவார்ட்டர், 1-1 என்றால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு என் பெஸ்ட் லெவனைத்தான் இறக்குவேன். இதில் நான் மாற மாட்டேன்.

டேபிள் 2 | செவ்வாய், காலை 9.52

கிழியுங்கள். அதற்கு முன்னால் மூன்று குவார்ட்டர் இருக்கிறதே.

கரிசல் ஸ்டிக் | அடுத்த ஞாயிறு, இரவு 9.15

ஒரு வாரம் ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை பெற்றோரைக் கிரவுண்டுக்கு வரச் சொன்னேன். பதினாறில் ஒன்பது வீட்டிலிருந்து வந்தார்கள். மூன்று விஷயம் சொன்னேன். பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறவனுக்கு எந்த ஆட்டமானாலும் குறைந்தது 10 நிமிடம். அரையிறுதி, ஃபைனலில் கடைசிக் குவார்ட்டர் என் முடிவு, கேள்வி கேட்கக் கூடாது. மாதம் ரெண்டு ஞாயிறு பக்கத்து ஊர் டீமோடு பிராக்டிஸ் மேட்ச், அதில் பெஞ்ச் ஆட்கள்தான் முதலில் இறங்குவார்கள். சென்டர் ஹாஃப் அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "இதைப் போன மாசமே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றார். மேட்டுத்தெரு அண்ணே, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டீக்கடைக் கேள்விக்குப் பதிலையும் அங்கேயே சொன்னேன். நாலு பேரை ஒரே நேரத்தில் மாற்றியது என் தப்பு, இறங்கிய பையன்கள் தப்பு இல்லை என்று. பையன்கள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

இன்றைக்கு முதல் பிராக்டிஸ் மேட்ச். சீட்டு எழுதிக்கொண்டு போனேன், வியர்வையில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. ரெண்டு இடத்தில் நிமிடம் தவறிப்போனது, ஒருவன் 8 நிமிடம்தான் ஆடினான். 1-1. நம் கோல் பெஞ்ச் ஆட்கள் இறங்கியிருந்தபோது விழுந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை. சென்டர் ஹாஃப்தான் அடித்தான்.

லெப்ட் பேக் பையன் ஆட்டம் முடிந்ததும் வந்தான். கோலியாக நிற்கட்டுமா என்று கேட்கிறான். அந்தக் கார்னரில் கோலிக்குப் பின்னால் போஸ்டில் நின்றதிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறானாம். நம்மிடம் இருக்கும் ஒரே செட் பேடும் கிக்கரும் (கோலி ஷூ மேல் மாட்டும் காப்பு) பெரிய பையன் அளவு. இவன் போட்டால் பேட் தொடை வரை ஏறுகிறது, கிக்கர் ஒவ்வொரு எட்டுக்கும் கழன்று விழுகிறது. பழைய கோலி அண்ணே, சின்ன அளவு எங்கே கிடைக்கும்? புதுசு விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பழைய கோலி | ஞாயிறு, இரவு 9.31

வாங்காதீர்கள். என் முதல் செட் பரணில் கிடக்கிறது. எலி கடிக்காமல் இருந்தால் நாளை ராத்திரி கோவில்பட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பையன் கால் அளவைச் சொல்லுங்கள்.

கரிசல் ஸ்டிக் | ஞாயிறு, இரவு 9.34

ஷூ 4ஆம் நம்பர். ஆனால் அது அண்ணன் ஷூ, உள்ளே துணி வைத்திருக்கிறான். நாளைக் காலையில் அளந்து சொல்கிறேன்.